கணினிவழி வடிவமைப்பு மென்பொருள்களில் வரைகலை அட்டைச் சிக்கல்கள்

கணினிவழி வடிவமைப்பு மென்பொருள்களில் வரைகலை அட்டைச் சிக்கல்கள் என்பன, கேட் மென்பொருள் எனச் சுருக்கமாக வழங்கப்படும் ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், கட்டியா, ஃபிரீகேட் முதலிய மென்பொருள்களில் வரைபடமோ முப்பரிமாண மாதிரியோ திரையில் பிழையாகத் தோன்றுவதையும், மென்பொருள் உறைந்து போவதையும், முன்னறிவிப்பின்றி மூடிக்கொள்வதையும் குறிக்கும். இவற்றுக்கான காரணம் அட்டையின் வன்பொருளில் இருக்கலாம். அட்டையைச் செயல்படுத்தும் இயக்கி மென்பொருளில் இருக்கலாம். கேட் மென்பொருளின் அமைப்புகளில் இருக்கலாம். சில வேளைகளில் வரைபடக் கோப்பிலேயே இருக்கலாம். ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் இருப்பதால், காரணத்தைப் பிரித்தறியாமல் புதிய அட்டை வாங்குவது பெரும்பாலும் வீண் செலவாகவே முடிகிறது. அட்டையின் மீது பழி போட்டுவிட்டுக் கோப்பிலுள்ள உண்மையான பிழையைக் கவனியாமல் விடுவது அதைவிடப் பெரிய இழப்பைத் தரக்கூடும்.

பின்னணி

திரையில் நேரடியாக வரைந்து வடிவமைக்கும் முறைக்கு முன்னோடியாகக் கருதப்படுவது, இவான் சதர்லாண்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக உருவாக்கி 1963ஆம் ஆண்டு முன்வைத்த ஸ்கெட்ச்பேட் ஆகும். டிஎக்ஸ்-2 என்னும் கணினியில் ஒளிப்பேனாவின் துணையுடன் அது இயங்கியது. 1982ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான ஆட்டோகேட், இவ்வசதியைத் தனிமேசைக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. டாஸ் இயங்குதளக் காலத்தில் கேட் மென்பொருளுக்கென்றே தனியாக எழுதப்பட்ட இயக்கிகள் பல திரை அட்டைகளுக்குத் தேவைப்பட்டன.

இந்நிலையை மாற்றியவை பொதுவான வரைகலை இடைமுகங்கள் ஆகும். சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1992ஆம் ஆண்டு ஓப்பன்ஜிஎல் என்னும் இடைமுகத்தை வெளியிட்டது. 2006 முதல் குரோனோசு குழுமம் அதனைப் பேணி வருகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் டைரக்ட்3டி 1996ஆம் ஆண்டு வெளிவந்தது. சாலிட்வொர்க்ஸ், கட்டியா போன்றவை ஓப்பன்ஜிஎல்-ஐ அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தவை. விண்டோஸ் இயங்குதளத்தில் ஆட்டோகேட் டைரக்ட்3டி இடைமுகத்தைப் பயன்படுத்துகிறது. ஒரே கணினியில் ஆட்டோகேட் நன்றாக இயங்க, சாலிட்வொர்க்ஸ் மட்டும் தடுமாறுவதற்கு இவ்வேறுபாடே பல நேரங்களில் காரணமாகிறது. இயக்கியில் இவ்விரு இடைமுகங்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உள்ளன.

படம் திரைக்கு வரும் வழி

பழுதறிய முற்படுபவர், படம் எவ்வழியாகத் திரைக்கு வருகிறது என்பதை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். ஓர் உருளையின் பரப்பு, கோப்பில் ஒரு கணித வரையறையாக மட்டுமே இருக்கிறது. கேட் மென்பொருள் அதனைச் சிறு முக்கோணங்களால் ஆன வலையாக மாற்றுகிறது. அந்த வலை ஓப்பன்ஜிஎல் அல்லது டைரக்ட்3டி கட்டளைகளாக இயக்கிக்குச் செல்கிறது. இயக்கி அவற்றை அட்டையிலுள்ள செயலிக்குப் புரியும் கட்டளைகளாக்குகிறது. அட்டை, முக்கோணங்களைப் படவணுக்களாக மாற்றித் தன் நினைவகத்தில் எழுதி, வடத்தின் வழியே திரைக்கு அனுப்புகிறது.

இதிலிருந்து தெரியவருவது, திரையில் காணப்படுவது மாதிரியின் ஒரு தோராயமான படம் மட்டுமே என்பதாகும். வட்டம் பல்கோணமாகத் தெரிந்தால் அது அட்டையின் குறையன்று. முக்கோண வலையோ கோட்டுத் துண்டுகளோ போதிய அளவு நுண்மையாக இல்லை என்பதே பொருள். ஆட்டோகேட்டில் ரீஜென் கட்டளையும் வியூரெஸ் அமைப்பும், சாலிட்வொர்க்ஸில் படத்தரத்துக்கான அமைப்பும் இதனைச் சரிசெய்யும். வட்டத்தின் விட்டத்தை அளந்து பார்த்தால் அளவு எப்போதும் போலச் சரியாகவே இருக்கும்.

தொழில்முறை அட்டைகளும் விளையாட்டு அட்டைகளும்

என்விடியா நிறுவனத்தின் ஜிஃபோர்ஸ், ஏஎம்டி நிறுவனத்தின் ரேடியான் ஆகியவை விளையாட்டுகளை நோக்கி விற்கப்படுபவை. என்விடியாவின் குவாட்ரோ, ஏஎம்டியின் ஃபயர்புரோ, பின்னர் 2016 முதல் ரேடியான் புரோ ஆகியவை தொழில்முறைப் பயன்பாட்டுக்கானவை. குவாட்ரோ என்னும் பெயரை என்விடியா 2020ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து புதிய அட்டைகளுக்கு இடுவதில்லை.

இருவகை அட்டைகளிலும் பெரும்பாலும் ஒரே குடும்பத்துச் சில்லுகளே உள்ளன. வேறுபாடு முதன்மையாக இயக்கியிலும், அதில் திறந்துவிடப்படும் வசதிகளிலும் உள்ளது. கம்பிச்சட்டத் தோற்றத்தில் கோடுகளை மழுக்கி வரைதல், பரப்பின் இருபுறமும் ஒளியூட்டல், வெட்டுமுகத் தளங்கள் முதலியன விளையாட்டுகளில் அரிதாகவும் கேட் மென்பொருள்களில் அன்றாடமும் பயன்படுபவை. தொழில்முறை இயக்கிகள் இவற்றுக்கெனச் செம்மைப்படுத்தப்படுகின்றன. உயர்நிலைத் தொழில்முறை அட்டைகள் சிலவற்றில் பிழை திருத்தும் நினைவகமும் உண்டு. 2000களின் தொடக்கத்தில் ரிவாட்யூனர் மென்பொருளின் துணையுடன் ஜிஃபோர்ஸ் அட்டையைக் குவாட்ரோவாக இயக்கிக்குக் காட்டும் சாஃப்ட்குவாட்ரோ என்னும் உத்தி ஆர்வலரிடையே பரவியிருந்ததே, வேறுபாடு எங்குள்ளது என்பதைக் காட்டப் போதுமானது.

கேட் மென்பொருள் நிறுவனங்கள் தாம் சோதித்துச் சான்றளித்த அட்டைகளையும், அவற்றோடு சேர்த்துச் சோதித்த இயக்கிப் பதிப்புகளையும் பட்டியலிட்டு வெளியிடுகின்றன. பட்டியலில் இல்லாத அட்டை இயங்காது என்பதில்லை. எனினும் சாலிட்வொர்க்ஸின் ரியல்வியூ போன்ற சில வசதிகள் ஏற்கப்பட்ட அட்டை இல்லையெனில் சாம்பல் நிறத்தில் செயலற்றுக் கிடக்கும். அதனைப் பழுதெனக் கருத வேண்டியதில்லை. கற்கும் மாணவருக்கும் இருபரிமாண வரைபடங்கள் வரைவோருக்கும் விலையுயர்ந்த தொழில்முறை அட்டை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆயிரக்கணக்கான உறுப்புகள் கொண்ட பொருத்துதல் கோப்புகளைக் கையாளும் போதே அதன் பயன் தெளிவாகப் புலப்படும்.

அறிகுறிகளைப் பிரித்தறிதல்

கோடுகள் மறைதல், பரப்புகள் மினுமினுத்தல், சுட்டி நகர்ந்த தடம் திரையில் அழியாமல் நிற்றல், உரையாடல் பெட்டியின் எச்சம் மாதிரியின் மேல் ஒட்டிக்கொள்ளல், திரை முழுதும் கருமையாதல், மாதிரியைச் சுழற்றும்போது தயங்கித் தயங்கி நகர்தல் ஆகியவை பரவலாகக் காணப்படும் அறிகுறிகள் ஆகும்.

செலவின்றிச் செய்யத்தக்க இரு சோதனைகள் இங்கே பெரிதும் உதவும். முதலாவது, பிழை தெரியும்போது திரைப்பிடிப்பு ஒன்றை எடுத்து வேறொரு கணினியில் திறந்து பார்ப்பது. பிழை அப்படத்திலும் இருந்தால் காரணம் மென்பொருள், இயக்கி, அட்டை ஆகியவற்றுள் ஒன்றில் உள்ளது. படம் தூய்மையாக இருந்தால் அட்டையின் வெளியீட்டுப் பகுதி, வடம், திரை ஆகியவற்றை ஐயுற வேண்டும். இரண்டாவது, வரைபடத்தைப் பிடிஎஃப் கோப்பாக அச்சிட்டுப் பார்ப்பது. ஆட்டோகேட்டின் இருபரிமாண வரைபடங்கள் அச்சிடப்படும்போது திரைப்படத்திலிருந்து அன்றிக் கோப்பிலுள்ள வடிவத் தரவிலிருந்தே உருவாக்கப்படுகின்றன. எனவே திரையில் காணாமற்போன கோடு அச்சில் இருந்தால் கோப்பு நலமாக உள்ளது எனக் கொள்ளலாம்.

கணினி தொடங்கும்போது, இயங்குதளம் ஏற்றப்படுவதற்கு முன்பே, பயோஸ் திரையிலும் புள்ளிகளோ வண்ணப் பட்டைகளோ தோன்றினால் இயக்கியையும் கேட் மென்பொருளையும் ஆராய்வதில் பயனில்லை. அது வன்பொருட் பழுதே.

வன்பொருள் முடுக்கத்தை நிறுத்திப் பார்த்தல்

மேற்கண்டவற்றுக்கு அடுத்த படி, வரைகலை அட்டையின் உதவியின்றி மையச் செயலகத்தைக் கொண்டே படத்தை வரையுமாறு மென்பொருளைப் பணிப்பதாகும். ஆட்டோகேட்டில் கிராஃபிக்ஸ்கான்ஃபிக் என்னும் கட்டளை இதற்கான பெட்டியைத் திறக்கும். பழைய பதிப்புகளில் இதே பணியை 3டிகான்ஃபிக் கட்டளை செய்தது. மென்பொருள் திறக்கும்போதே மூடிக்கொண்டால், அதன் குறுக்குவழியின் இறுதியில் நோஹார்ட்வேர் என்னும் நிலைமாற்றியைச் சாய்கோட்டுடன் சேர்த்துத் தொடங்கலாம். சாலிட்வொர்க்ஸில் 'மென்பொருள் ஓப்பன்ஜிஎல்' என்னும் தேர்வு, அமைப்புகளில் செயல்திறன் பகுதியில் உள்ளது. கோப்பு எதுவும் திறந்திராத நிலையிலேயே அதனை மாற்ற இயலும் என்பதை அறியாமல், அத்தேர்வு பழுதுற்றது எனப் பலர் எண்ணுவதுண்டு. உடன் வரும் சாலிட்வொர்க்ஸ் ஆர்எக்ஸ் என்னும் கருவியும் இம்முறையில் மென்பொருளைத் தொடங்கித் தரும்.

முடுக்கத்தை நிறுத்தியதும் பிழை மறைந்தால், காரணம் அட்டையிலோ இயக்கியிலோ உள்ளது. மறையாவிட்டால் கோப்பையும் கேட் மென்பொருளையும் ஆராய வேண்டும். இது ஒரு சோதனை மட்டுமே, தீர்வன்று. முடுக்கம் நிறுத்தப்பட்ட நிலையில் பெரிய மாதிரிகளில் பணிபுரிவது மிக மெதுவாக இருக்கும். சோதனைக்காக நிறுத்தியதை மீண்டும் இயக்க மறந்துவிட்டு, மாதக்கணக்கில் கணினியின் வேகத்தைக் குறை கூறுவோரும் உண்டு.

இயக்கி தொடர்பானவை

சிக்கல் எழுந்தவுடன் இயக்கியின் ஆகப் புதிய பதிப்பை நிறுவுவது பொதுவான வழக்கம். கேட் மென்பொருளைப் பொறுத்தவரை இது எப்போதும் சரியான அறிவுரையன்று. ஆகப் புதிய பதிப்பு, புதிதாக வெளிவந்த விளையாட்டுக்காகத் திருத்தப்பட்டதாக இருக்கலாம். மென்பொருள் நிறுவனம் சான்றளித்த பதிப்பு அதைவிடப் பழையதாக இருந்தாலும் அதனை நிறுவுவதே பாதுகாப்பானது. மாற்றும் முன் இருக்கும் பதிப்பின் எண்ணைக் குறித்து வைத்தால், நிலைமை மோசமானால் திரும்பிச் செல்ல இயலும்.

விண்டோஸில் உற்பத்தியாளரின் இயக்கி இல்லாதபோது, ஓப்பன்ஜிஎல் மென்பொருள்களுக்கு மைக்ரோசாஃப்ட் வழங்கும் ஓப்பன்ஜிஎல் 1.1 மட்டுமே கிடைக்கிறது. மென்பொருளின் அட்டை விவரப் பகுதியில் அட்டையின் பெயருக்கு மாறாக 'ஜிடிஐ ஜெனரிக்' என்று காணப்பட்டால் நிகழ்ந்திருப்பது இதுவே. தொலைமேசை வழியாகக் கணினியை இயக்கும்போதும் ஓப்பன்ஜிஎல் மென்பொருள்கள் இந்நிலைக்குத் தள்ளப்படுவதுண்டு. அலுவலகத்தில் நன்றாக இயங்கிய கோப்பு வீட்டிலிருந்து தொலைமேசையில் திறக்கும்போது மட்டும் தடுமாறினால் இதனை முதலில் ஐயுற வேண்டும்.

பழைய அட்டையை நீக்கி வேறு நிறுவனத்தின் அட்டையைப் பொருத்திய கணினிகளில் முன்னைய இயக்கியின் எச்சங்கள் தொல்லை தருவதுண்டு. விண்டோஸைப் பாதுகாப்பு முறையில் தொடங்கி, பழைய இயக்கியை முற்றிலும் நீக்கிய பின் புதியதை நிறுவுவது இதற்கு வழி.

இரட்டை வரைகலை கொண்ட மடிக்கணினிகள்

மின்கலத்தைச் சேமிக்கும் பொருட்டு, மடிக்கணினிகள் பலவற்றில் செயலகத்துடன் ஒருங்கிணைந்த வரைகலையும் தனி அட்டையும் சேர்ந்தே உள்ளன. என்விடியா நிறுவனம் ஆப்டிமசு என்னும் இத்தகைய தானியங்கி மாற்றுமுறையை 2010ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது. எந்த மென்பொருளுக்கு எதை ஒதுக்குவது என்பதை இயக்கி தானே முடிவு செய்கிறது. அம்முடிவு தவறினால், விலை கொடுத்து வாங்கிய தனி அட்டை உறங்கிக் கிடக்க, கேட் மென்பொருள் ஒருங்கிணைந்த வரைகலையில் இயங்கும். இயக்கியின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் கேட் மென்பொருளைக் குறிப்பிட்டுத் தனி அட்டையை ஒதுக்கலாம். விண்டோஸ் 10இன் 2018 ஏப்ரல் பதிப்பு முதல் இத்தேர்வு இயங்குதளத்தின் வரைகலை அமைப்புகளிலும் உள்ளது. மேசைக் கணினிகளில் இதற்கு ஒத்த பிழை இன்னும் எளியது: திரையின் வடம் தனி அட்டையில் செருகப்படாமல் தாய்ப்பலகையின் துளையில் செருகப்பட்டிருப்பது.

இரண்டு நொடி வரம்பு

திரை ஒரு கணம் கருத்து மீள்வதும், காட்சி இயக்கி செயலிழந்து மீண்டது என்னும் செய்தி தோன்றுவதும் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து காணப்படும் அறிகுறியாகும். வரைகலைச் செயலி தனக்கு இடப்பட்ட பணியிலிருந்து இயல்பான அமைப்பில் 2 நொடிக்குள் மீளாவிட்டால், அது உறைந்துவிட்டதாகக் கருதி விண்டோஸ் அட்டையை மீளமைக்கிறது. அவ்வேளையில் அட்டையின் நினைவகத்தில் இருந்தவை இழக்கப்படுகின்றன. இதனைத் தாங்கும் வகையில் எழுதப்படாத மென்பொருள், சேமிக்கப்படாத பணியுடன் மூடிக்கொள்கிறது. ஒரு நிமிடத்துக்குள் இது பலமுறை நிகழ்ந்தால் இயங்குதளமே நீலத் திரையுடன் நின்றுவிடும். நிகழ்வுப் பதிவேட்டில் 4101 என்னும் எண்ணுடன் இந்நிகழ்வு பதிவாகும். நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் கேட் மென்பொருள் மூடியதற்கு இதுதான் காரணமா என்பது தெரிந்துவிடும்.

இவ்வரம்பை விண்டோஸ் பதிவகத்தில் உயர்த்த இயலும். மிகப் பெரிய ஒளிநிழல் கணிப்புகளை அட்டையிலேயே செய்வோருக்கு அது பயன்படலாம். அட்டை உண்மையில் பழுதுற்றிருக்கும்போது வரம்பை உயர்த்துவது, உறைந்த திரையை இன்னும் சில நொடி பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே வழி செய்யும்.

அட்டையின் மீது பழி விழும் கோப்புப் பிழைகள்

வரைகலை அட்டைகள் படத்தை வரையும்போது பெரும்பாலும் ஒற்றைத் துல்லிய எண்களையே பயன்படுத்துகின்றன. இவை ஏறத்தாழ 7 பதின்ம இலக்கத் துல்லியம் உடையவை. கேட் கோப்புகளில் உள்ள இரட்டைத் துல்லிய எண்கள் 15 இலக்கங்களுக்கு மேல் தாங்கும். உண்மையான நில அளவை ஆயத்தொலைகளுடன் வரையப்படும் கட்டடவியல் வரைபடங்களில் இவ்வேறுபாடு வெளிப்படுகிறது. எடுத்துக்காட்டாக, நிலநடுக்கோட்டிலிருந்து 1,400 கிலோமீட்டர் வடக்கே உள்ள ஓரிடத்தின் வடக்கு ஆயத்தொலை ஏறத்தாழ 14,00,000 மீட்டர் ஆகும். அவ்வளவு பெரிய எண்ணின் அருகே ஒற்றைத் துல்லிய எண்கள் 0.125 மீட்டர் இடைவெளியில்தான் அமைந்துள்ளன. அதாவது 12.5 சென்டிமீட்டருக்கு உட்பட்ட நுணுக்கம் அட்டைக்குத் தெரியாது. மில்லிமீட்டரில் வரைந்தாலும் இடைவெளி 128 மில்லிமீட்டர் ஆகுமேயன்றிக் குறையாது.

கேட் மென்பொருள்கள் பல, அட்டைக்கு அனுப்பும் முன் ஆயத்தொலைகளைச் சிறிதாக்கி இதனைச் சமாளிக்கின்றன. சமாளிக்க இயலாத இடங்களில் கோடுகள் நடுங்கும், வட்டங்கள் நெளியும், நிரப்புக் கோலங்கள் சிதறும். எந்த அட்டையை வாங்கினாலும் இது நீங்காது. பயனர் ஆயத்தளத்தை மாற்றுவதும் உதவாது. அது கோப்பில் உள்ள உண்மையான எண்களை மாற்றுவதில்லை. முழு வரைபடத்தையும் ஆதிப்புள்ளிக்கு அருகே நகர்த்துவதே வழியாகும். ஆனால் நகர்த்திய அளவைக் குறித்து வைத்து, அதே பணிக்குரிய எல்லா வரைபடங்களிலும் அதே அளவைக் கழிக்க வேண்டும். திரையின் நடுக்கத்தைப் போக்க ஒருவர் தம் வரைபடத்தை மட்டும் நகர்த்திவிட்டு, பிறரிடம் சொல்லாமல் அனுப்பினால், அடித்தளக் குழிகள் தவறான இடத்தில் தோண்டப்பட அது காரணமாகலாம்.

இரு பரப்புகள் ஒன்றையொன்று முந்தி மினுமினுப்பது மற்றொரு பரவலான அறிகுறி. எது முன்னே, எது பின்னே என்பதை அட்டை ஆழத் தேக்ககத்தில் பதிகிறது. அது 24 இரும எண் கொண்டதாயின் 1,67,77,216 ஆழ நிலைகளையே பிரித்தறியும். மாதிரியிலிருந்து வெகு தொலைவில் தவறுதலாக விடப்பட்ட ஒரு சிறு புள்ளியோ கோடோ இருந்தால், காட்சியின் ஆழம் முழுவதும் அதுவரை நீட்டப்பட்டு, மாதிரியின் பங்குக்கு மிகச் சில நிலைகளே மிஞ்சும். முழுக் காட்சிக்கு விலகிச் செல்லும் கட்டளையைக் கொடுத்தால் மாதிரி ஒரு புள்ளியாகச் சுருங்குவது இதற்கான அடையாளம். அப்படியின்றியும் ஒரே இடத்தில் மினுமினுப்பு தொடருமானால், அங்கே இரு திண்மங்கள் உண்மையாகவே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும். ஒரே உறுப்பு இருமுறை நகலெடுக்கப்பட்டிருந்தால் எடைக் கணக்கும் மூலப்பொருட் பட்டியலும் இரட்டித்துவிடும். இங்கே மினுமினுப்பு தொல்லையன்று, எச்சரிக்கை.

மெதுவான இயக்கம் யாவும் அட்டையினால் அன்று என்பதும் குறிப்பிடத்தக்கது. ஒரு துளையின் அளவை மாற்றியபின் மாதிரி மீளக் கட்டப்படும் கணிப்பு மையச் செயலகத்தின் பணி. அதன் பெரும்பகுதி ஒன்றன்பின் ஒன்றாகவே நடைபெறும். விண்டோஸ் 10இன் 2017ஆம் ஆண்டு இறுதிப் பதிப்பு முதல் பணி மேலாளர் வரைகலைச் செயலியின் பயன்பாட்டையும் காட்டுகிறது. தாமதத்தின்போது அது தாழ்ந்திருந்து, செயலகத்தின் ஒரு கரு மட்டும் முழுமையாக இயங்கினால், அட்டையை மாற்றிப் பயனில்லை. 8 தருக்கக் கருக்கள் கொண்ட செயலகத்தில் ஒரு கருவின் முழுப் பயன்பாடு மொத்தத்தில் 12.5 விழுக்காடாகவே தெரியும் என்பதால், கருக்களைத் தனித்தனியே காட்டும் வரைபடத்தைப் பார்ப்பது நன்று.

வெப்பமும் மின்சாரமும்

வெப்ப உறிஞ்சியில் தூசு படிந்தால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனாலும் தணியாவிட்டால் கணினி அணைந்துவிடும். காலையில் நன்றாக இயங்கி, சில மணி நேரத்துக்குப் பின் தடுமாறும் கணினியில் ஜிபியு-இசட் போன்ற கருவியால் வெப்பநிலையைக் கண்காணிக்கலாம். பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை வழங்கும் மின்திறன் 75 வாட்டு வரை. 6 ஊசி இணைப்பி மேலும் 75 வாட்டும், 8 ஊசி இணைப்பி 150 வாட்டும் தரும். மின்வழங்கியின் திறனைக் கணக்கிடாமல் பெரிய அட்டையைப் பொருத்தினால், மாதிரியைச் சுழற்றத் தொடங்கியதும் கணினி மீளத் தொடங்குவதைக் காணலாம்.

சில்லுகளின் கட்டமைப்பிலேயே குறை இருந்த வரலாறும் உண்டு. மடிக்கணினிகளுக்கான தன் சில்லுகள் சிலவற்றில் பொதியமைப்புப் பொருள்கள் வலுவிழந்ததால் எழும் செலவுகளுக்கென 15 முதல் 20 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்குவதாக என்விடியா 2008 சூலையில் அறிவித்தது. இத்தகைய பழுதை இயக்கி எதுவும் தீர்க்காது.

லினக்ஸ் இயங்குதளத்தில்

லினக்ஸில் ஃபிரீகேட் போன்ற கட்டற்ற கேட் மென்பொருள்கள், திறந்த மூல இயக்கிகள் கொண்ட அட்டைகளில் மெசா நூலகத்தின் வழியே ஓப்பன்ஜிஎல்-ஐப் பெறுகின்றன. முனையத்தில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை இட்டால், படத்தை வரைவது எது என்பது தெரியும். அங்கே அட்டையின் பெயர் இல்லாமல் எல்எல்விஎம்பைப் என்று காணப்பட்டால், வன்பொருள் முடுக்கம் செயல்படவில்லை. மையச் செயலகமே அனைத்தையும் வரைகிறது. கருனி புதுப்பிக்கப்பட்ட பின், தனியுரிம இயக்கி அதற்கேற்ப மீள நிறுவப்படாததே பெரும்பாலும் இதன் காரணம்.